தேவனுக்கு முன்பாக அமர்ந்திருத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்புகளிலும், உபவாச ஜெபம் முடிந்த பின்னும், ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு ஆலய வாசலில் நிற்கும்போதும் விசுவாசிகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. வசனங்கள், தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படும் பழைய திருப்புதலிலிருந்து (மொழிபெயர்ப்பிலிருந்து) எடுக்கப்பட்டவை. கத்தோலிக்க மரபும் கிழக்கத்திய (ஆர்த்தடாக்ஸ்) மரபும் இந்தக் காரியத்தில் நமக்குக் கற்றுத்தருபவை நிறைய இருப்பதால், அவற்றையும் தயக்கமின்றிச் சேர்த்திருக்கிறோம்.

தேவனுக்கு முன்பாக மௌனமாயிருக்கும்படி வேதாகமம் கட்டளையிடுகிறதா?

ஆம். "கர்த்தரோவென்றால் தம்முடைய பரிசுத்த ஆலயத்தில் இருக்கிறார், பூமியெல்லாம் அவருக்கு முன்பாக மௌனமாயிருக்கக்கடவது" என்று ஆபகூக் 2:20 சொல்லுகிறது. ஆலயச் சுவர்களில் இந்த வசனத்தை எழுதிவைக்கிறோம். ஆலயத்துக்குள் பேசக்கூடாது என்ற எச்சரிக்கையாக மட்டும் அதை எடுத்துக்கொண்டு கடந்தும் போய்விடுகிறோம். மூன்றே அதிகாரங்கள் உள்ள அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து வாசிப்பவர்களுக்கு, ஆபகூக் மௌனத்தில் தொடங்கவே இல்லை என்பது புலப்படும். தன் ஜனத்துக்குள்ளே நியாயம் புரட்டப்படுவதைப் பார்த்து, எவ்வளவு காலம் கூப்பிட்டும் ஏன் கேளாமலிருக்கிறீர் என்று அவர் தேவனிடமே முறையிடுகிறார். கல்தேயரை, அதாவது பாபிலோனியரை, எழுப்புகிறேன் என்ற பதில் வந்ததும், தீமையைக் காணக்கூடாத சுத்தக்கண்ணராகிய நீர் இதை எப்படிப் பொறுத்துக்கொள்ளுகிறீர் என்று இரண்டாம் முறையும் வாதாடுகிறார். அதன்பின் காவற்கோபுரத்தில் நின்று, தேவன் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருக்கிறார். மௌனமாயிருக்கச் சொல்லும் வசனம் இவ்வளவுக்கும் பிறகுதான் வருகிறது.

ஆகவே அந்த மௌனம் கேள்வி கேட்கத் துணியாதவனின் வாயடைப்பு ஆகாது. கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டு, பதில் தரவேண்டியவர் தம்முடைய இடத்தில்தான் இருக்கிறார் என்று கண்டுகொண்டவனின் காத்திருப்பு அது. அடுத்த அதிகாரத்தில் அதே ஆபகூக், அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று பாடுகிறார் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

"நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்" என்ற சங்கீத வசனம் தியானத்துக்கான அழைப்புத்தானே?

அப்படிப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் 46ஆம் சங்கீதம் அமைதியான சூழ்நிலையில் பாடப்பட்டதன்று. மலைகள் நடுச்சமுத்திரத்தில் சாய்ந்துபோவதையும், ஜாதிகள் கொந்தளிப்பதையும், ராஜ்யங்கள் தத்தளிப்பதையும் பேசும் சங்கீதம் அது. அமர்ந்திருக்கச் சொல்லும் 10ஆம் வசனத்துக்குச் சற்று முன்னால், தேவன் வில்லை ஒடித்து, ஈட்டியை முறித்து, இரதங்களை நெருப்பினால் சுட்டெரிக்கிறார். ஆயுதங்கள் முறிந்து கிடக்கும் அந்தக் களத்தில் நின்று, உங்கள் பலத்தால் நடக்கவேண்டியது இனி ஒன்றுமில்லை, நானே தேவன் என்கிறார்.

இதைக் கவனித்தால், வீட்டில் சத்தம் ஓய்ந்த பின்புதான், கடன் தீர்ந்த பின்புதான், மகளுக்கு வரன் அமைந்த பின்புதான் தேவனுக்கு முன்பாக அமர முடியும் என்ற எண்ணம் நம்மைவிட்டுப் போகும். நெருக்கடி உச்சத்தில் இருக்கும்போது கொடுக்கப்பட்ட கட்டளை இது.

தேவன் நம்முடைய பிதா அல்லவா? பிதாவிடம் எதற்குப் பயம்?

ரோமர் 8:15 நாம் அடிமைத்தனத்தின் ஆவியைப் பெறவில்லை, "அப்பா பிதாவே" என்று கூப்பிடப்பண்ணுகிற ஆவியைப் பெற்றோம் என்று சொல்லுகிறது. அதே புதிய ஏற்பாட்டில், எபிரெயர் 12:28 பயத்தோடும் பக்தியோடும் தேவனுக்குப் பிரியமாய் ஆராதனை செய்யச் சொல்லுகிறது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளுவதில்லை என்பதை விளக்குவதற்கு யோவானைப் பார்ப்பதே போதும். கடைசி இராப்போஜனத்தில் இயேசுவின் மார்பில் சாய்ந்திருந்த சீஷன் என்று சபை மரபு அடையாளம் காட்டுகிற அதே யோவான், பத்மு தீவில் மகிமையடைந்த கிறிஸ்துவைக் கண்டபோது செத்தவனைப்போல அவருடைய பாதத்தில் விழுந்தார். கர்த்தர் தம்முடைய வலதுகரத்தை அவர்மேல் வைத்து, "பயப்படாதே" என்றார்.

விழுந்ததும் மெய், தூக்கிவிட்ட கரமும் மெய். தண்டனைக்கு அஞ்சி ஒளிந்துகொள்ளும் பயத்தை, ஏதேனில் மரங்களுக்குள்ளே ஒளிந்த ஆதாமிடம் காண்கிறோம். அது தேவனைவிட்டு விலகி ஓடுகிறது. பயபக்தியோ அவரை நெருங்கும்போதுதான் உண்டாகிறது, நெருங்க நெருங்க ஆழமாகிறது. ஒருபோதும் முகங்குப்புற விழாதவன் "அப்பா" என்று கூப்பிடுவதும் மேலோட்டமாகவே நின்றுவிடும் என்பது என் கருத்து.

கைத்தாளத்தோடும் எக்காளத்தோடும் துதிக்கச் சொல்லியிருக்க, சத்தமாக ஆராதிப்பது தவறா?

ஒருபோதும் இல்லை. 150ஆம் சங்கீதம் பேரோசையுள்ள கைத்தாளங்களையே கேட்கிறது. எரிகோவின் வழியருகே உட்கார்ந்திருந்த குருடனாகிய பர்திமேயு, பேசாமலிருக்கும்படி அநேகர் அதட்டியும் முன்னிலும் அதிகமாய்க் கூப்பிட்டான். இயேசு அவனை அதட்டவில்லை, நின்று அவனை அழைத்துவரச் சொன்னார். ஆண்டாண்டு காலமாக வாய் திறக்க அனுமதிக்கப்படாத மக்கள் தேவனுடைய சமுகத்தில் முதல்முறையாகக் கைதட்டி, உரத்த குரலில் பாடும்போது, ஒழுங்கின் பெயரைச் சொல்லி அவர்களை அடக்குவதற்கு எவருக்கும் உரிமை கிடையாது. அமைதியைப் பற்றிப் பேசுகிற நாம் இதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

கவலைக்குரியது வேறொன்று. ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்த பாட்டு, அது முடிவதற்குள் அறிவிப்பு, அறிவிப்பின் பின்னணியிலும் கீபோர்டு என்று இரண்டு மணிநேர ஆராதனையில் ஒரு நிமிடம்கூட இடைவெளி இல்லாதபோது, தேவன் பேச விரும்பினாலும் கேட்பதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்? ஆமோஸ் 5ஆம் அதிகாரத்தில் தேவன் வெறுத்தது இசையின் அளவையன்று. நியாயத்தைப் புறக்கணித்துவிட்டு, தம்முடைய காதுகளைப் பாட்டினால் நிரப்ப முயன்றவர்களின் இரைச்சலையே அகற்றச் சொன்னார்.

தனிமையில் மௌனமாய் உட்கார்ந்தால் மனம் அலைபாய்கிறது. என்ன செய்வது?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. மிகப் பழைய கேள்வியும் இதுவே. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தின் வனாந்தரத் துறவிகளிடம் பயின்ற யோவான் காசியான் இதே கேள்வியை அவர்களிடம் கொண்டுபோனார். மனம் ஒரு சங்கீதத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, எதிலும் நிற்காமல் அலைகிறது என்பதே முறையீடு. அவருக்குக் கிடைத்த பதில் ஒரே ஒரு வசனம்: "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்" என்ற 70ஆம் சங்கீதத்தின் தொடக்கம். நடக்கும்போதும், வேலை செய்யும்போதும், உறங்கப் போகும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருக்கும்படி, பதில் சொன்ன முதிய துறவி கற்றுக்கொடுத்தார். கிழக்கத்திய சபைகள் இதே வழியில், "கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவே, தேவகுமாரனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்" என்ற ஜெபத்தை மூச்சின் நடையோடு சேர்த்துச் சொல்லிப் பழகின.

இங்கே சிலர், "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்று இயேசு சொன்னாரே என்பார்கள். அதிக வசனிப்பினால் தேவனைக் கேட்கவைக்கலாம் என்ற நினைப்பைத்தான் அவர் அங்கே கடிந்துகொண்டார். கெத்செமனேயில் அவரே மூன்றாம் முறையும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார்.

நடைமுறைக்கு வருவோம். அதிகாலையில், வீட்டில் மற்றவர்கள் எழுவதற்கு முன், பத்து நிமிடம் போதும். கைப்பேசி வேறொரு அறையில் இருக்கட்டும். அதை அமைதி நிலையில் வைத்துப் பக்கத்தில் கவிழ்த்து வைப்பது பயன்படாது, ஏனெனில் கை அதைத் தேடிப்போகும். தினமும் ஒரே இடம், ஒரே பாய் அல்லது ஒரே நாற்காலி. நான்கைந்து வசனங்களைத் தாழ்ந்த குரலில் ஒருமுறை வாசித்து, அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பால் வாங்க வேண்டும், மின்கட்டணம் கட்ட வேண்டும், நேற்று அண்ணி சொன்ன சொல் இன்னும் வலிக்கிறது என்று ஒவ்வொன்றாக மேலே வரும். அவற்றோடு சண்டையிட வேண்டாம். வந்ததை அப்படியே ஒரு வரி ஜெபமாகத் தேவனிடம் சொல்லிவிட்டு, பிடித்த வசனத்துக்குத் திரும்புங்கள். பத்து நிமிடத்தில் முப்பது தடவை திரும்ப வேண்டியிருந்தால், முப்பது தடவை தேவனிடம் திரும்பினீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

தூக்கம் வந்தால்? உடல் களைத்திருக்கிறது என்று பொருள். சூரைச்செடியின்கீழ் சாகக் கேட்டுப் படுத்துத் தூங்கிய எலியாவைத் தேவன் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டார். ஓரேப் மலையில் அமர்ந்த மெல்லிய சத்தத்தை எலியா கேட்டது, உண்டு உறங்கி, நாற்பது நாள் நடந்த பின்புதான்.

இப்படி உட்காருவது பிறமதத் தியானமுறை ஆகிவிடாதா?

இந்தச் சந்தேகம் நேர்மையானது. ஆனால் கிறிஸ்தவர்களுக்கு மௌன ஜெபம் வெளியிலிருந்து வந்ததன்று. சீலோவின் ஆலயத்தில் அன்னாள் உதடுகள் மாத்திரம் அசைய, சத்தம் கேட்கப்படாமல் ஜெபித்தாள்; ஆசாரியனாகிய ஏலியே அவளைத் தவறாகப் புரிந்துகொண்டு, குடித்து வெறித்திருக்கிறாள் என்று நினைத்தான். 14ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டின் ஆதோஸ் மலைத் துறவிகளின் மௌன ஜெபத்தைச் சிலர் பரிகசித்தபோது, கிரகோரி பலமாஸ் அதற்கு இறையியல் விளக்கம் எழுதினார். 1341ஆம் ஆண்டு தொடங்கிக் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய திருச்சபைச் சங்கங்கள் அவருடைய பக்கத்தை ஏற்றுக்கொண்டன.

தமிழகத்தில் இந்தக் கேள்விக்கு முகங்கொடுத்த இடம், குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையில் உள்ள சாந்திவனம். பிரெஞ்சுக்காரர்களான ஜூல் மோன்ஷானின், ஆன்ரி லெ சோ என்ற இருவரும் 1950இல் அதைத் தொடங்கினார்கள். 1968 முதல் 1993இல் மரிக்கும்வரை அதை வழிநடத்தியவர் ஆங்கிலேயத் துறவியான பீட் கிரிஃபித்ஸ். காவியுடையும், தரையில் அமர்ந்து செய்யும் தியானமும், இந்திய மறைநூல்களின் வாசிப்பும் கொண்ட அவர்களுடைய வழியைப் போற்றியவர்களும் உண்டு, கடுமையாக எதிர்த்தவர்களும் உண்டு. தரையில் அமர்வதும் மூச்சை நிதானிப்பதும் எந்த மதத்துக்கும் தனியுடைமை ஆகாது என்றே நான் கருதுகிறேன். கேட்க வேண்டிய கேள்வி, யாருக்கு முன்பாக அமர்ந்திருக்கிறேன் என்பதுதான். மனதை வெறுமையாக்குவது கிறிஸ்தவ மௌனத்தின் இலக்கு கிடையாது; நம்மை நோக்கிக்கொண்டிருக்கிற ஒருவருக்குச் செவிகொடுப்பதே இலக்கு. பிரான்சு தேசத்தின் ஆர்ஸ் கிராமத்தில் பங்குக்குருவாக இருந்த யோவான் மரிய வியான்னியிடம், நற்கருணைப் பேழைக்கு முன்னால் நெடுநேரம் அமர்ந்திருந்த ஒரு விவசாயி, "நான் அவரைப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கிறார்" என்று சொன்னதாகக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு நினைவுகூருகிறது. நற்கருணையைப் பற்றிய போதனையில் நாம் வேறுபடலாம். அந்த விவசாயியின் பதிலைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் கண்டதில்லை.

பொது ஆராதனையில் மௌனத்துக்கு எங்கே இடம் உண்டு?

நாம் நினைப்பதைவிட அதிக இடங்களில் உண்டு. கத்தோலிக்கத் திருப்பலிக்கான விதிமுறைகள் மௌனத்தைக் கொண்டாட்டத்தின் ஒரு பகுதியாகவே எண்ணுகின்றன: பாவமன்னிப்பு வழிபாட்டின்போதும், "மன்றாடுவோமாக" என்ற அழைப்புக்குப் பின்னும், வாசகத்துக்கும் மறையுரைக்கும் பிறகும், நற்கருணை உட்கொண்ட பின்னும் அமைதி கேட்கப்படுகிறது. பெரிய வெள்ளியன்று வழிபாடு பாட்டோ முன்னுரையோ இல்லாமல் தொடங்குகிறது. குருவானவர் பீடத்தின் முன் முகங்குப்புற விழுந்துகிடக்க, சபையார் முழங்காலில் இருக்கிறார்கள். பெரிய வியாழன் இரவு ஓய்ந்த மணிகள் உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய இரவின் பாஸ்கா திருவிழிப்பில்தான் மீண்டும் ஒலிக்கின்றன. சீர்திருத்த மரபில், 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸைச் சுற்றி உருவான குவேக்கர்கள் ஆராதனை முழுவதையுமே மௌனத்தின்மேல் கட்டினார்கள். ஆவியானவரால் ஏவப்பட்டவர் மட்டும் எழுந்து பேசுவார். 1940இல் சகோதரர் ரோஜர் பிரான்சின் தெசே கிராமத்தில் தொடங்கிய குழுமத்தில், அன்றாட ஜெபத்தின் நடுவே ஏறக்குறைய பத்து நிமிட மௌனம் இடம்பெறுகிறது. பல நாடுகளிலிருந்து வரும் இளைஞர்கள் அதில் அசையாமல் அமர்ந்திருக்கிறார்கள் என்பது, இன்றைய பிள்ளைகளால் முடியாது என்று சொல்லுகிறவர்கள் யோசிக்க வேண்டிய செய்தி.

நம்முடைய சபைகளில் நடப்பதைச் சற்று அருகில் சென்று பாருங்கள். போதகர், "நம்முடைய பாவங்களை மௌனமாய் நினைத்து அறிக்கையிடுவோம்" என்கிறார். தலைகள் குனிகின்றன. ஒரு பெஞ்சு கிறீச்சிடுகிறது, யாரோ தொண்டையைச் செருமுகிறார், மின்விசிறியின் ஓசை திடீரென்று பெரிதாகக் கேட்கிறது. ஐந்தாவது விநாடியில் கீபோர்டில் ஒரு மெல்லிய ராகம் தொடங்குகிறது. எட்டாவது விநாடியில், "சர்வவல்லமையுள்ள தேவனே" என்று போதகரே ஆரம்பித்துவிடுகிறார். இந்த வாரத்தில் தான் செய்த பாவங்களில் முதலாவதையாவது நினைவுக்குக் கொண்டுவர ஒருவருக்கும் அவகாசம் கிடைத்திருக்காது. ஆயர்களுக்கும் பாடகர் குழுவினருக்கும் என் பணிவான வேண்டுகோள்: அந்த இடத்தில் முழுமையாக ஒரு நிமிடம் கொடுங்கள், வாத்தியம் வேண்டாம். முதல் சில வாரங்கள் சபை சங்கடப்படும், பிறகு அந்த நிமிடத்துக்காகவே சிலர் வருவார்கள். திருவிருந்து பெற்றுத் திரும்பியவர்களுக்கும் இப்படி ஒரு நிமிடம் தேவை. வெளிப்படுத்தின விசேஷம் 8:1இன்படி, ஓயாமல் துதிக்கும் பரலோகத்திலேயே ஏறக்குறைய அரைமணி நேரம் அமைதல் உண்டாகிறது; அதை அடுத்து வரும் காட்சியில், பரிசுத்தவான்களுடைய ஜெபங்கள் தூபவர்க்கத்தின் புகையோடு தேவனுக்கு முன்பாக எழும்புகின்றன.

செருப்பைக் கழற்றுவதும் முக்காடிடுவதும் முழங்கால்படியிடுவதும் கட்டாயமா?

இரட்சிப்புக்கு அவை நிபந்தனைகள் ஆகமாட்டா. முட்செடியின் முன் மோசேயிடமும், எரிகோவின் அருகே யோசுவாவிடமும் பாதரட்சையைக் கழற்றச் சொன்ன தேவனை ஆராதிக்கிற நாம், ஆலய வாசலில் செருப்பை விட்டுவிட்டு நுழையும் தமிழ் வழக்கத்தை நன்றியோடு காத்துக்கொள்ளலாம். உடலின் நிலை காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறியிருக்கிறது: கி.பி. 325இல் கூடிய நிசேயா சங்கத்தின் 20ஆவது விதி, ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெந்தெகொஸ்தே காலத்திலும் முழங்கால்படியிடாமல் நின்று ஜெபிக்கச் சொன்னது, உயிர்த்தெழுதலின் மகிழ்ச்சியைக் காட்டுவதற்காக. மூட்டுவலியுள்ள மூதாட்டி நாற்காலியில் அமர்ந்து ஜெபிப்பதைப் பயபக்திக் குறைவாகப் பார்ப்பவர்கள் தங்கள் பார்வையைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

ஆராதனையில் கைக்குழந்தைகள் அழுகின்றன. அமைதி கெடுகிறதே?

கெடட்டும். தேவாலயத்தில் ஆர்ப்பரித்த பிள்ளைகளைப் பிரதான ஆசாரியர் கண்டித்தபோது, இயேசு பிள்ளைகளின் பக்கம் நின்றார். குழந்தையோடு வரும் தாயைத் திரும்பிப் பார்த்து முகஞ்சுளிப்பதுதான் அங்கே உண்மையான இடையூறு.

துக்கத்தில் ஜெபிக்க வார்த்தை வரவில்லை, தேவனும் மௌனமாயிருக்கிறார். அப்போதும் அமர்ந்திருக்க வேண்டுமா?

இழவு வீட்டில் நின்று யாரிடமும், "அமர்ந்திருந்து அறிந்துகொள்ளுங்கள்" என்று போதிக்க வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். யோபின் சிநேகிதர்கள் மூவரும் பிற்பாடு பேசிய பேச்சுக்காகத் தேவனுடைய கோபத்துக்கு ஆளானார்கள். ஆனால் தொடக்கத்தில் அவர்கள் செய்தது சரியாகவே இருந்தது. துக்கம் மகா கொடியது என்று கண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல், இரவும் பகலும் ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

துக்கத்தில் இருப்பவருக்கு, வார்த்தை வராத ஜெபமும் ஜெபமே. வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர்தாமே நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 உறுதியளிக்கிறது. அழ வேண்டுமானால் அழுங்கள். சண்டையிட வேண்டுமானால் சண்டையிடுங்கள். 88ஆம் சங்கீதம் ஆறுதலான ஒரு வரிகூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது, அதையும் தேவனுடைய ஜனங்கள் தங்கள் ஆராதனைப் புத்தகத்தில் வைத்துக்கொண்டார்கள். தேவனுடைய மௌனத்தைப் பொறுத்தவரை, அதற்கு எளிய விளக்கம் தருகிறவர்களை நான் நம்புவதில்லை. "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று சிலுவையில் கூப்பிட்ட குமாரனுக்கும் அந்த வேளையில் வானத்திலிருந்து குரல் எதுவும் வரவில்லை. சனிக்கிழமை முழுவதும் கல்லறை மூடியே இருந்தது. பதில் வராத நாட்களில் நாம் அமர்ந்திருக்கும் இடத்தில் அவரும் இருந்திருக்கிறார் என்பதே நம்முடைய விசுவாசம்.

அநியாயம் நடக்கும்போது மௌனமாயிருப்பது கோழைத்தனம் ஆகாதா?

ஆகும். "நீ இந்தக் காலத்திலே மவுனமாயிருந்தால்" என்று மொர்தெகாய் எஸ்தரை எச்சரித்தது இதைக் குறித்தே. தேவனுக்கு முன்பாக மௌனம் வேறு, மனிதருக்கு அஞ்சிய மௌனம் வேறு. முன்னது பின்னதைத் தகர்த்துவிடுகிறது. ஓரேபின் மெல்லிய சத்தத்தைக் கேட்ட எலியாவுக்கு அங்கேயே தங்கியிருக்க அனுமதி கிடைக்கவில்லை. ராஜாக்களை அபிஷேகம்பண்ணும் வேலையோடு திருப்பி அனுப்பப்பட்டார்.

ஜெர்மனியில் ஹிட்லரின் நாஜி ஆட்சிக்கு இணங்க மறுத்த சபையினருக்காக 1935இல் ஃபிங்கன்வால்டில் இறையியல் மாணவர்களைப் பயிற்றுவித்த டீட்ரிச் போன்ஹோஃபர், ஒவ்வொரு நாளும் காலையில் அரைமணி நேரம் வேதப்பகுதி ஒன்றின்முன் மௌனமாய் அமரும்படி அவர்களுக்கு ஒழுங்கு வகுத்தார். வெளியே நாடே எரிந்துகொண்டிருக்கையில் இது எதற்கு என்று மாணவர்களில் சிலர் முணுமுணுத்தார்கள். 1937இல் காவல்துறை அந்தப் பயிற்சிக்கூடத்தை மூடியது. போன்ஹோஃபர் 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். மௌனத்தில் தேவனுடைய வார்த்தையைக் கேட்டுப் பழகியவரை அந்த ஆட்சியால் மௌனமாக்க முடியவில்லை.

வீட்டில், குடும்ப ஜெபத்தில் இதை எப்படித் தொடங்கலாம்?

இப்போது இருக்கும் ஒழுங்கை மாற்ற வேண்டாம். வழக்கம்போல ஒரு பாட்டைப் பாடி, வேதப்பகுதியை வாசியுங்கள். வாசித்து முடித்ததும் உடனே ஜெபத்துக்குத் தாவாமல், வேதாகமத்தை மூடாமல், அப்படியே ஒரு நிமிடம் இருங்கள். நேரம் பார்க்கும் பொறுப்பை வீட்டின் கடைக்குட்டியிடம் கொடுத்தால், அந்த ஒரு நிமிடத்தை யாரும் சுருக்க முடியாது. அதன்பின் வாசித்த பகுதியில் மனதில் நின்ற சொல்லை விரும்புகிறவர்கள் சொல்லலாம். ஒன்றும் நிற்கவில்லை என்று சொல்லவும் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு. பிறகு பரமண்டல ஜெபத்தை, ஒவ்வொரு வரிக்கும் இடையில் ஒரு மூச்சு விட்டு, நிதானமாக எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள்.